நூல் கட்டாத போத்தல்

என் சேகரை எனக்குத் திருப்பித் தந்த டாக்டரம்மா தவமணிக்கு,

நான் கதிரேசன். பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவன். நீங்கள் என்னை அண்ணே என்று கூப்பிடுவீர்கள். இப்போது எனக்கு எழுபத்தைந்து வயது. இந்தக் கடிதத்தை நானே என் கையால் எழுதுகிறேன் என்றால் நம்புவீர்களா?

போன தீபாவளி முடிந்த கையோடு என் மனைவி பாக்கியம் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில்தான் பாடம். இந்த வயதில் எதற்கு என்றேன். தினமும் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டித் தன் தொண்டை போய்விட்டது என்றாள். இப்போது மசாலாப் பொட்டலம், கோயில் பலகை, கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடுவதில்லை. ஒரு வரியை முடித்ததும் பச்சைப் பிள்ளை மாதிரிச் சிரிப்பு வந்துவிடுகிறது, டாக்டரம்மா.

யார் உதவியும் இல்லாமல் நான் படித்த முதல் பெயர் உங்களுடையது. பேப்பரில் ஒரு படம். முடி நரைத்திருந்தது, ஆனாலும் எங்கேயோ பார்த்த முகம். கீழே எழுத்துக் கூட்டினேன். த, வ, ம, ணி. படித்துவிட்ட சந்தோஷத்தில் பாக்கியத்தைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்புறம்தான் அது மரண அறிவிப்புப் பக்கம் என்று உறைத்தது.

பாக்கியம் வந்து பார்த்தாள். "இந்த அம்மாவா," என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனாள். முப்பது வருஷத்துக்கும் மேலான கோபம் அது. நியாயமாக என்மேல் வந்திருக்க வேண்டிய கோபம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். எங்கள் தோட்டத்து ஜனங்கள் கூலாய், மாசாய், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பீர்கள். பிள்ளை பேசும்போது வலது காதை அதன் வாயருகே கொண்டுபோவீர்கள். பிள்ளைகளுக்கு அது ரகசியம் சொல்லும் விளையாட்டு. பெரியவர்களிடம் சொல்லாததையெல்லாம் உங்கள் காதில் சொல்லும். இடது காது உங்களுக்குக் கேட்காது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மருந்து கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே குரலில், "நூல் கட்டவா?" என்று கேட்பீர்கள். மேலுக்குப் பூசும் மருந்தென்றால் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல். வாய்க்குக் கொடுப்பதில் நூல் இருக்காது. படிக்கத் தெரியுமா என்று நீங்கள் யாரையும் கேட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் ஊரில் இல்லை. அவள் அப்பாவின் கருமாதிக்காக மூவாருக்குப் போயிருந்தாள். எங்கள் நாலு வயது மகன் சேகருக்குக் காய்ச்சல், விரலிடுக்கெல்லாம் சிரங்கு. நான்தான் தூக்கி வந்தேன். இரண்டு போத்தல் கொடுத்தீர்கள். இரண்டும் வெள்ளை மருந்து. "அண்ணே, நூல் கட்டவா?"

எனக்குப் பின்னால் கோயில் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். அந்த மாதம்தான் என்னைத் தலைவராக்கியிருந்தார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் கமிட்டிக் கூட்டத்துக்குப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறவன் நான். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நமக்கு எதுக்கு நூலு? பேப்பர் படிக்கிற ஆளு லா." போத்தலைத் தூக்கிப் பிடித்து வாயை அசைத்துப் படிப்பதுபோலப் பாவனையும் செய்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பூசுகிற மருந்தைப் பிள்ளைக்கு இரண்டு கரண்டி புகட்டினேன். அவன் முகத்தைச் சுளித்தான். மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தேன். அந்த மூக்கின் சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது. கோயிலில் பூசாரி கயிறு கட்ட வந்தால் கையை இழுத்துக்கொள்கிறேன். எனக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று பாக்கியம் நினைக்கிறாள். சிவப்பு நூலைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மண்டபத்துக்கு ஓடி வந்தேன். நீங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தீர்கள், என் முகத்தையும் பார்த்தீர்கள். எவ்வளவு புகட்டினேன் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. உங்கள் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவன் கண்ணைத் திறக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி நடையில் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னீர்கள். நீங்களும் தோட்டத்துப் பிள்ளையாம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராம். சின்ன வயதில் உங்கள் காதில் சீழ் வந்தபோது, மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாத அம்மாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினாராம். வெட்கப்பட்ட அம்மா அதற்குப் பிறகு உங்களை அங்கே கூட்டிப்போகவே இல்லை. காது போயிற்று.

"பெத்தவங்கள தலைகுனிய வச்சா, அடுத்த தடவ பிள்ளைய கொண்டு வரமாட்டாங்க, அண்ணே," என்றீர்கள்.

மறுநாள் மூவாரிலிருந்து பாக்கியம் ஆஸ்பத்திரிக்கு அலறிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நூல் வழக்கம் தெரியும். ஏன் கட்டவில்லை என்று உங்களைக் கேட்டாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேம்மா. என் தப்புதான்," என்றீர்கள். அவள் உங்களை வராந்தாவுக்கு இழுத்துப்போய் ஏதோ கத்தினாள். என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் தோட்டம் முழுக்கச் சொன்னாள். அடுத்த மாதம் நீங்கள் வந்தபோது மண்டபத்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. லயத்து வீடுகளுக்குள் பிள்ளைகள் இருமுகிற சத்தம் வெளியே கேட்டது. அதற்கடுத்த மாதமும் வந்தீர்கள். மத்தியானம்வரை தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். நான் மோட்டாரில் அந்த வழியாக வந்தேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினீர்கள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

என்னைக் கூப்பிட்டீர்களா, டாக்டரம்மா? சேகர் எப்படி இருக்கிறான் என்று கேட்கவா? அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. கண்ணை மூடினால் அப்படியே நிற்கிறது.

இதுவரை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. பத்திரிகைக்குப் போகும் முன்னால் பாக்கியத்துக்குத் தெரிய வேண்டுமல்லவா? நேற்று அவளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அவளாகவே கடைசிவரை படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"அன்னைக்கு வராந்தாவுல அந்தம்மாகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றாள். "உனக்கு ஒரு பிள்ள இருந்தாதான வலிக்கும்னு சொன்னேன். கல்யாணமாகி அத்தன வருசம் பிள்ள இல்லாதவங்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

தாளை என் பக்கம் தள்ளினாள்.

"அதுக்கப்புறமும் அவங்க உங்கள காட்டிக்கொடுக்கல," என்றாள். "நான் சொன்னதையும் எழுதுங்க. உங்க தப்ப மட்டும் எழுதினா பாதிப் பொய்யி."

எழுதிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. இன்றைக்குப் பாடமும் இல்லை. சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் சேகர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அம்மா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. "ஏம்பா, அவங்க இருக்கும்போதே எழுதியிருக்கலாமே?" என்றான். அப்போது எழுத்துத் தெரியாதே என்றேன்.

"வாய் இருந்துச்சில்ல?" என்றான்.

இருந்தது, டாக்டரம்மா. உங்கள் கிளினிக் பேருந்தில் போனால் முக்கால் மணி நேரத் தூரம். எத்தனை வருஷம் உங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாததுதான் என்னைத் தடுத்தது என்று இந்த ஒன்பது நாளும் நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. ஆடித் திருவிழாவுக்கு எல்லோரும் குடும்பத்தோடு திரும்பி வருவார்கள். உங்கள் மண்டபத்துக்கு அன்று வரமாட்டேன் என்றவர்களில் பாதிப் பேராவது இருப்பார்கள். பத்திரிகை இதைப் போட்டாலும் போடாவிட்டாலும், அன்றைக்கு நான் மைக்கைக் கேட்டு வாங்குவேன். பாக்கியம் என் பக்கத்தில் வந்து நிற்பாளா என்று தெரியாது. இந்தத் தாளைக் கையில் எடுத்துப் போகமாட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்து வாயாலேயே சொல்வேன்: "அவங்க கேட்டாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

இது சத்தியம்.

உங்கள் அண்ணன்,
கதிரேசன்