மில்லின் மூடியும் டைரக்டரும்

1996 மார்ச் 4, திங்கள்

மிளகாய் அரைக்கிற மெஷினின் கம்பிவலை மூடி தேத்தண்ணி அறையில் கிடக்கிறது. கழுவின கோப்பைகளை அதில்தான் கவிழ்க்கிறார்கள். தண்ணீர் நன்றாக வடிகிறது.

"மூடி இருந்தா வேலை மெதுவாகுதாம். உன்ர சித்தப்பா கழட்டச் சொன்னவர்" என்றா யோகராணி அக்கா. மில் சித்தப்பாவுடையது. நான் என் கோப்பையையும் அதில் கவிழ்த்தேன்.

மார்ச் 8

இன்று எனக்குப் பதினெட்டு. சித்தப்பா கேக் கொண்டுவந்தார். வெட்டுவதற்கு முன் ஒரு கையெழுத்து. அவருடைய பழைய கம்பனி கடனில் மூடினதால், இந்த நாட்டுச் சட்டப்படி அவர் சில வருசத்துக்கு டைரக்டராக இருக்கக் கூடாதாம். மில்லுக்கு இனி நான்தானாம்.

"நான் என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் செய்யாதை. நீ வாய் திறவாத பிள்ளை. அதுதான் தகுதி."

பள்ளிக்கூடத்தில் இதற்குத்தானே திட்டினார்கள்?

கேக் முடிந்ததும் தரை துடைத்தேன்.

மார்ச் 15

கழிப்பறைக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "மிளகாய்த்தூள் பக்கற் கட்டி முடிச்சிட்டுப் போ" என்றார் சித்தப்பா. யோகராணி அக்கா சிரித்தா: "டைரக்டர் அம்மாவுக்கே இந்தக் கெதியோ!"

மார்ச் 20

யோகராணி அக்காவின் சட்டைக் கை மெஷினில் மாட்டிவிட்டது. ஒரு விரல் நுனி போய்விட்டது. ஐயோ, அந்த மூடி — பார்த்தனான்தானே, ஏன் சொல்லேல்லை?

எல்லாரும் அழுதோம், தும்மினோம். எது மிளகாயால், எது அக்காவால் என்று தெரியவில்லை.

மார்ச் 22

அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். டைரக்டர் யார் என்று கேட்டார். சித்தப்பா என்னைக் காட்டினார். என் கையில் தரை துடைக்கிற மொப். இன்ஸ்பெக்டர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

சித்தப்பா ஓடிப்போய் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். "எல்லாம் மேடம் சொன்னபடிதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேடமாம்!

மூடி போடும்வரை மெஷினை ஓட்டக் கூடாது, வழக்கு டைரக்டர்மேலும் வரலாம் என்றார் இன்ஸ்பெக்டர். தலையாட்டினேன்.

மார்ச் 23

அம்மா கேட்கிறா: "மறியலில கம்பி எண்ணப் போறது நீயோ அவரோ?"

மார்ச் 24, ஞாயிறு

தேவாலயப் பூசையில் மன்றாட்டு வாசித்தது சித்தப்பா. "தவறு செய்யும் முதலாளிமாருக்கு நல்ல புத்தி கிடைக்க." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மார்ச் 25

மனுரேவா ரயில் ஸ்டேஷனில் இறங்கி மில்லுக்கு நடந்து வரும்போதே மெஷின் சத்தம் கேட்டது. மூடி இல்லை. அக்காவின் இடத்தில் புதிதாகப் பங்கஜம் என்று ஒருவர், மதுரைக்காரர். "ஏம்மா, இதுக்குள்ள கையை விட்டுத்தான் தள்ளணுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"சித்தப்பா, ஓட்டக் கூடாது எண்டவர் எல்லோ."

"அதைச் சொல்ல நீ ஆர்?"

"டைரக்டர்" என்றேன். சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

சுவிட்சை நிறுத்தினேன். தேத்தண்ணி அறைக்குப் போய், கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.