கூரையில் நிற்கும் பிள்ளை

உம்முடைய கோட் இன்னும் அச்சகத்தில்தான் தொங்குகிறது. கதவுக்குப் பின்னால், என்னுடைய குடைக்குப் பக்கத்தில். கத்தரிப்பூ நிறக் கோட், தொப்பி மட்டும் கறுப்பு. பழைய தொப்பியை எந்த மெத்ரோவிலோ தொலைத்துவிட்டு, வேறொன்றைத் தேடிப் பிடித்து நீரே கோட்டில் தைத்துக்கொண்டீர். இன்று காலை கடை திறக்கும்போது வெளியில் நல்ல குளிர். ஹீட்டரைப் போட்டேன். உள்ளே சூடு ஏற ஏற அந்தக் கோட்டிலிருந்து மணம் கிளம்பியது. முழங்காலுக்கு நீர் பூசும் தைலமும், பியூரோ என்கிற அலுவலகங்களில் நிலம் துடைக்கும் மருந்தும் கலந்த மணம். நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சீ, என்ன விசர் வேலை என்று என்னையே ஏசிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தேன்.

கணினியில் உம்முடைய கதைதான் திறந்து கிடந்தது. கடைசி அத்தியாயம் இல்லாத கதை. இன்று பின்னேரத்துக்குள் அதை முடித்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தன் விழாவில் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறதாம். முதலாளி அண்ணை வந்து வந்து எட்டிப் பார்க்கிறார். "என்ன பிள்ளை, உந்தக் கொரியாக்காரி இன்னும் இறங்கேல்லையோ?" என்கிறார். அவருக்குப் பகிடி. கதையில் அவளைக் கூரையில் ஏற்றிவிட்டு நீர் பாட்டுக்குப் போய்விட்டீர். இறக்குகிற வேலை என் தலையில்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, உண்மையைச் சொன்னால். லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், இந்தச் சின்ன அச்சகத்தில் இருந்துகொண்டு எத்தனை வருடமாக ஊர்ச்சனத்தின் நல்லதையும் கெட்டதையும் தட்டச்சு செய்கிறேன். முன்பெல்லாம் கலியாண அட்டைகள்தான் மேசை நிறைய இருக்கும். இப்போது மரண அறிவித்தல்களும் நினைவு மலர்களும்தான் கூட. படத்தைத் திருத்தி, கழுத்தில் சங்கிலி பளிச்சென்று தெரியச் செய்து, பின்னால் நீல வானம் போட்டுக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போனால் கண்ணுக்குள் அந்த நீலம் நிற்கிறது.

நீர் முதன்முதலில் வந்தது உம்முடைய பப்பியே பத்திரங்களைப் பிரதி எடுக்க. குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கிற வேலை. மழையில் நனைந்து வந்து, வாசலில் சப்பாத்தைத் தட்டிவிட்டு, "இஞ்சேரும், நிலம் ஊத்தையாகப் போகுது, குறை நினைக்காதையும்" என்றீர். நிலம் துடைக்கிற ஆளுக்குத்தான் அந்த யோசனை வரும். அன்றிலிருந்து கடைசி வரைக்கும் நாங்கள் இருவரும் நீர் நான் என்றுதான் கதைத்தோம். அக்கா தங்கை என்று சொல்லிக்கொள்ள வயதில் வித்தியாசமும் இல்லை, நீ என்று கூப்பிட எங்களுக்கு வாயும் வரவில்லை. ஆனால் இந்தத் தெருவில் மற்ற எல்லாருக்கும் நீர் சென் தெனி அக்கா. சென் தெனிப் புறநகரிலேயே குடியிருந்து, அங்கேயே பியூரோக்கள் துடைத்து, வேலை முடிய கார் து நோர் ஸ்டேசனில் வந்து இறங்கி, மரக்கறி வாங்குவதற்காகவே இங்கே நடந்து வருவீர். மரக்கறிக் கடை அண்ணை தூரத்தில் கோட்டைக் கண்டாலே போதும், "சென் தெனி அக்கா, முருங்கைக்காய் வந்திருக்கு!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்துவார்.

என் மகள் ஆரணி பள்ளி விட்டதும் அச்சகத்துக்கு வந்து மூலையில் குந்திக்கொண்டு போனில் கொரிய நாடகம் பார்ப்பாள். அரசர், அரண்மனை, தொப்பி, வாள். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில். எனக்குப் பத்திக்கொண்டு வரும். நீர் ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்து அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, "சரி பிள்ளை, உன்ரை கொரியாவையே நான் தமிழிலை தாறன், கேப்பியோ?" என்றீர். அவள் தோளைக் குலுக்கினாள். அவளிடமிருந்து அது பெரிய சம்மதம்.

அப்படித்தான் தல்லே பிறந்தாள். பழைய கொரியாவில், மலையடியில், காகிதம் செய்கிற ஊரில் ஒரு சின்னப் பெண். ஆரணி நூலகத்திலிருந்து பழைய கொரியாவைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகங்களைக் கொண்டுவந்து உமக்கு வாசித்து, பாதித் தமிழில் விளக்குவாள். நீர் அடுத்தநாள் விடிய, ஆளில்லாத பியூரோவில் நிலம் துடைத்துக்கொண்டே கதையைப் போனில் சொல்லி எனக்கு அனுப்புவீர். அதைக் கேட்டு நான் தட்டச்சு செய்வேன். உம்முடைய கொரியாவில் எப்போதும் வாளி இழுபடுகிற சத்தம் கேட்கும். நடுவில் யாரோ பிரெஞ்சுக்காரர் வந்துவிட்டால் "போன்ஜூர் மெஸ்யே" என்பீர், பிறகு அரசர் திரும்பவும் பேசத் தொடங்குவார்.

முதல் அத்தியாயத்திலேயே தல்லே தேங்காய் துருவினாள். ஆரணி தலையில் அடித்துக்கொண்டாள். "அன்ரி, அங்கை தேங்காய் இல்லை!" நீர் உண்மையாகவே கவலைப்பட்டீர். "அப்ப அதுகள் கறிக்கு என்ன விடுறது? பாவங்கள்." அதற்குப் பிறகு இன்னொரு புத்தகத்தில், அந்தக் காலத்தில் அங்கே மிளகாயும் கிடையாது என்று அவள் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். அதை மட்டும் நீர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு கிழமை சண்டை. கடைசியில் தல்லேயின் அம்மா சட்டியில் "உறைப்பான ஏதோ ஒன்றை" போட்டாள். அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. நான் கை வைக்கவில்லை.

உமக்கு மிகப் பிடித்தது அவர்களுடைய நிலம். அடுப்பில் எரிகிற நெருப்பின் சூடு தரைக்குக் கீழால் ஓடி வீடு முழுவதையும் சூடாக்குமாம். அதற்கு மேலே பாய் போட்டுப் படுப்பார்களாம். "எவ்வளவு கெட்டிக்காரச் சனம்!" என்று மாய்ந்து மாய்ந்து சொன்னீர். "நான் வாழ்நாள் முழுக்க நிலத்தைத் துடைச்சனான், ஒருநாளும் அது எனக்குச் சூடு தரேல்லை."

தல்லேயின் அப்பாவை அரசனின் ஆட்கள் வடக்கே கோட்டைச் சுவர் கட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூடப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. இந்த இடத்தை நீர் சொல்லும்போது உம்முடைய குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் தட்டச்சை நிறுத்திவிட்டு இருந்தேன். ஊரில் யுத்தம் முடிந்த அன்று, சரணடைந்த உம்முடைய கணவர் ஆமியின் பஸ்ஸில் ஏற்றப்பட்டதும், முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நீர் பார்த்ததும், பிறகு அவர் வராததும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறீர். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உம்முடைய நெற்றியில் அந்தப் பெரிய சிவப்புப் பொட்டைத்தான் பார்த்தேன். பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் சில பெண்கள் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கண்ணைக் காட்டுவார்கள். நீர் கண்டும் காணாததுபோல் தேங்காய் உடைத்துவிட்டு வருவீர்.

பிறகு ஆரணி அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தாள். சின்னப்பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும். சந்தோஷமாக ஓடி வந்து சொன்னாள். பழைய கொரியாவில் ஒருவர் இறந்தால், ஒரு ஆள் இறந்தவரின் மேலங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கூரையில் ஏறி, வடக்கே பார்த்து, அங்கியை வீசி, அவருடைய பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவாராம். உயிர் தன்னுடைய உடுப்பைக் கண்டு திரும்பி வருமோ என்று கடைசியாக ஒரு முயற்சி. வராவிட்டால் ஆள் செத்ததுதான். அதற்குப் பிறகு அழலாம். "அன்ரி, தல்லேயும் ஏற வேணும், என்ன?" என்று கேட்டாள். நீர் பையை எடுத்துக்கொண்டு, "ரெயினுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டீர்.

ஆனாலும் ஏற்றினீர். ஊர்ச்சனம் தல்லேயை நெருக்கியது, எவ்வளவு காலம் காத்திருப்பாய், கூப்பிட்டுவிட்டு அழு, வீட்டுக்கு ஒரு முடிவு வேண்டும் என்றது. அவள் அப்பாவின் மேலங்கியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். உம்முடைய கடைசிக் குரல் பதிவில் இவ்வளவுதான் இருக்கிறது: "தல்லே கூரையிலை நிக்கிறாள். கையிலை அப்பான்ரை உடுப்பு. கீழை எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கினம்." பிறகு வாளிச் சத்தம். நீண்ட நேரம் வாளிச் சத்தம் மட்டும். பிறகு, "மிச்சத்தைப் பேந்து சொல்லுறன்."

அந்தப் பேந்து வரவே இல்லை. நான் உம்மைக் கரைச்சல்படுத்தினேன். "உது பிள்ளையளின்ரை கதை. ஒண்டில் அவளைக் கூப்பிட விடும், இல்லாட்டி தேப்பனைத் திரும்பி வரப்பண்ணும். எந்நாளும் கூரையிலையே நிக்க ஏலுமோ?"

"வரப்பண்ணினால் அது பொய்," என்றீர்.

"அப்ப கூப்பிடட்டும்."

"கூப்பிட்டால் அவளே அவரைச் சாகக் குடுத்தமாதிரி. அந்த ஒரு வேலைக்கு என்னைக் கேக்காதையும்."

வெயில் வந்த ஒரு நாள், கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொளுவிவிட்டு, "இனிக் குளிருக்கு வந்து எடுக்கிறன்" என்று சொல்லிப் போனீர். கோடையில் வேலைத்தலத்திலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தீர். உமக்குப் பக்கத்தில் ஒரு நாதியும் இல்லை.

உம்முடைய மரண அறிவித்தலை நான்தான் தட்டச்சு செய்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று நாங்கள் போடுகிற வழக்கம் உமக்குத் தெரியும். அவர்களில் முன்பே இறந்தவர் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவதும் தெரியும். உம்முடைய கணவரின் அண்ணர் கனடாவிலிருந்து அழைத்தார்.

"தங்கச்சி, என்ரை தம்பியின்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடும். அவன் இல்லை எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும்."

"அவவுக்குத் தெரியாது அண்ணை. இது அவவின்ரை நோட்டீஸ்."

"சனம் குழம்புமெல்லோ?"

"குழம்பட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். முதலாளி அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அவரையும் ஒரு மாதிரிப் பார்த்தேன். "அன்பு மனைவி" என்றுதான் போனது. உம்மைப் பெட்டியில் வைத்திருந்தபோது ஒரு பெண் என் காதுக்குள், "பொட்டு வைக்கலாமோ தெரியேல்லை" என்று குசுகுசுத்தாள். குங்குமத்தை அவள் கையிலிருந்து வாங்கி நானே வைத்தேன். பெரிதாகவே வைத்தேன்.

ஆனால் அறிவித்தலில் ஒரு சொல்லைப் போடாமல் விடுவது லேசு. ஒரு அத்தியாயத்தைப் போடாமல் விட முடியுமா? இன்று முழுவதும் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவோமா என்று ஒருதரம் நினைத்தேன். நீர் மேலேயிருந்து துடைப்பத்தால் அடிப்பீர். கூப்பிட வைப்போம் என்று தொடங்கினால் விரல் ஓடவில்லை. தலையிடி. தேத்தண்ணி ஆறிப்போனது.

ஆரணி பள்ளியிலிருந்து வந்தாள். என் தோளுக்கு மேலால் எட்டி, உம்முடைய கடைசி வரிகளை எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தாள். தமிழில். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "அம்மா, அவளுக்குக் குளிருமெல்லோ?" என்றாள். "கையிலை கோட் இருக்கு. ஏன் போடாமல் நிக்கிறாள்?"

நான் அவளை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடுங்கோ அம்மா" என்று நெளிந்தாள். பிறகு தட்டச்சு செய்தேன், நிறுத்தாமல்.

தல்லே வடக்கே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்தது, விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. மெல்ல இறங்கி வந்தாள். "என்ன, கூப்பிடவில்லையா?" என்று ஊர்ச்சனம் கேட்டது. "அடுப்பு மூட்ட வேண்டும். அவர் வந்தால் நிலம் சூடாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதலாளி அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "தேப்பன் பேந்து வந்தவரோ, இல்லையோ?"

"தெரியாது அண்ணை. அச்சுக்கு அனுப்புங்கோ."

அவர் அனுப்பினார். அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. நீர் இருந்திருந்தால் மிளகாய்க்குச் சண்டை பிடித்ததுபோல் இதற்கும் பிடித்திருப்பீர். பிடித்தால் நல்லாயிருந்திருக்கும்.

பூட்டுகிற நேரம் வெளியில் காற்று ஊசியாகக் குத்தியது. என்னுடைய மெல்லிய ஜாக்கெட்டை ஆரணிக்குப் போட்டுவிட்டேன். கதவுக்குப் பின்னால் கை போனது. உம்முடைய கோட் எனக்குத் தோளில் கொஞ்சம் பெரிது. பைக்குள் தைலப் போத்தல் கிடந்தது. தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காற்று சென் தெனிப் பக்கமிருந்துதான் வந்தது.

முதுகுக்குப் பின்னால் மரக்கறிக் கடை அண்ணையின் குரல் தெருவைப் பிளந்தது. "சென் தெனி அக்கா! முருங்கைக்காய் வந்திருக்கு!"

உம்முடைய செத்தவீட்டுக்கு வந்து, பெட்டிக்கு முன்னால் நின்று அழுத மனிதர் அவர். கோட்டைக் கண்டதும் பழக்கத்தில் வாய் கூப்பிட்டுவிட்டது. நான் திரும்பியதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் முருங்கைக்காயோடு அப்படியே நின்றார். ஆரணி என்னைப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை," என்றேன். "வாறன்."