மார்சிலிங் வரை போன ஊசி

இன்று காலை பஃபலோ ரோட்டு வெற்றிலைக் கடையில் கடைக்காரர் ஈரத்துணியைப் பிரித்து வெற்றிலையை உதறினார். சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. பக்கத்தில் ஓர் அம்மா குனிந்து, பால் டின்னில் சாற்றைத் துப்பிவிட்டு, டின்னை முக்காலிக்கு அடியில் தள்ளினார். நீ இருந்திருந்தால் கொஞ்சமும் கூச்சப்படாமல் அந்த டின்னுக்குள் எட்டிப் பார்த்திருப்பாய். நான் கொத்தமல்லி வாங்க வந்ததையே மறந்து பஸ் ஏறிவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தெம்பனிஸ் புது வீட்டில் பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் போய்ச் சேர்ந்தாய். மாரடைப்பு என்றார்கள். தேவாலயத்தில் உன் சவப்பெட்டி அருகே நின்றவர்களுக்கு அது போதவில்லை. ரேடியம் அறையில் அத்தனை வருஷம் வேலை பார்த்ததால்தானே என்று ஆளாளுக்கு என் காதைக் கடித்தார்கள். இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்தது. பதில் சொல்ல வேண்டியவள் நீ. என்னை மாட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருந்தாய் என்று கோபம்கூட வந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளில், நம் ஆஸ்பத்திரியில் நான் வார்டு நர்ஸ், நோயாளிகள் பேச்சில் ‘மிஸ்ஸி’; நீ ரேடியம் ஊசிகளுக்குப் பொறுப்பு. வெற்றிலை, புகையிலை போட்டு நாக்கில் புற்று வந்தவர்கள் எங்கள் வார்டில் நிறையப் பேர். ரேடியம் அடைத்த சின்னச் சின்ன ஊசிகளை டாக்டர் நாக்கிலேயே குத்தி, சில நாள் விட்டுவைப்பார். ஒவ்வொரு ஊசியின் காதிலும் ஒரு நூல். நூல்களை வாய்க்கு வெளியே இழுத்துக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம். தினமும் நூலைப் பார்த்தால் ஊசி இருக்கிறது என்று கணக்கு. அப்படித்தான் ஒரு நாள் பாக்கியம் அம்மாளின் கன்னத்தில் ஒரு நூல் மட்டும் சும்மா தொங்கியது. அதன் ஊசியைக் காணோம்.

கதிர் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு நீ வார்டையே புரட்டிப் போட்டாய். மெத்தை, போர்வை, குப்பைத் தொட்டி, சாக்கடை மூடி, ஒன்றையும் விடவில்லை. உனக்குப் பின்னால் ஓடி ஓடி என் தொப்பி கழன்று விழுந்தது. நோயாளிகள் பக்கம் தவிர வேறெங்கேயும் அந்தக் கருவி வாயைத் திறக்கவில்லை. அப்போது பெரிய டாக்டர் வந்து, குப்பையோடு போய் எரிந்திருக்கும், அப்படியே எழுதிவிடுங்கள், வெளியே தெரிந்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்றார். நான் தரையைப் பார்த்தேன். நீ அவர் முகத்தைப் பார்த்தாய்.

"போயிருக்கும்னு எழுத மாட்டேன் டாக்டர். எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் எழுதுறேன்."

இதை நீ ஆங்கிலத்தில்தான் சொன்னாய். ஆனால் எனக்கு எப்போது நினைத்தாலும் தமிழில்தான் கேட்கிறது.

பாக்கியம் அம்மாளால் பேச முடியாது. எச்சில் ஊறினால் எங்கே துப்புகிறீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னாய். நான் கட்டிலோரம் இருந்த ஆஸ்பத்திரிக் கிண்ணத்தைக் காட்டினேன். அந்த அம்மாள் முகத்தைச் சுளித்து, கையால் ஒரு டின்னின் உயரத்தைக் காட்டினார். பிறகு கதவைக் காட்டினார். கேட்கக் கேட்க, தலையை ஆட்டி ஆட்டியே விஷயத்தைச் சொல்லிவிட்டார். வீட்டில் வெற்றிலைச் சாறு துப்பும் டின்னையே மகள் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். தன் அம்மாவின் எச்சிலை இன்னொருத்தி கழுவுவதா என்று கூச்சப்பட்டு, தினமும் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவியிருக்கிறாள். அன்றும் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடு ஊரின் வடக்குக் கோடியில், மார்சிலிங்கில். ஆஸ்பத்திரி வண்டிக்கு அனுமதி வாங்க வேண்டும், உட்காருங்கள் என்றார்கள். நீயா உட்காருவாய்! கதிரை அடக்கும் ஈயக் குடுவையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் டாக்சியை மறித்தாய். நான் கருவியையும் நீளமான இடுக்கியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். வழியெல்லாம் உன் உதடு ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தது.

மகள் செல்விதான் கதவைத் திறந்தாள். சின்னப் பெண். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கழுவிய டின் ஜன்னலோரம் கவிழ்த்திருந்தது. நீ அதன் அருகே கருவியை நீட்டினாய், சத்தம் அவ்வளவாக இல்லை. செல்வியின் பக்கம் திரும்பியதும்தான் அது படபடவென்று பொரிய ஆரம்பித்தது. உன் முகம் வெளுத்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆனால் குரல் மாறவில்லை.

"தங்கச்சி, பிள்ளைய முதல்ல மிஸ்ஸிகிட்ட குடுங்க."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டு நடைபாதையின் கோடிக்கு ஓடினேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். செல்வி தன் முந்தானை நுனியை இடுப்பிலிருந்து உருவி, அதில் இருந்த முடிச்சைக் காட்டினாள். டின் கழுவும்போது ஊசி கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சாமான் ஆயிற்றே, தொலைந்தால் மிஸ்ஸிகளுக்குத்தான் திட்டு விழும் என்று முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருக்கிறாள். சாயங்காலம் வரும்போது கையோடு கொண்டுவந்து தர நினைத்திருக்கிறாள். ஐயோ, அவள் நல்ல மனசுதான் அவளுக்கு எமனாக வரப் பார்த்தது.

நீ முடிச்சை இடுக்கியால் பிடித்து, புடவையோடு சேர்த்து வெட்டிக் குடுவையில் போட்டு மூடினாய். கருவி அடங்கியது. நான் குழந்தையோடு திரும்பி வந்தபோது செல்வி வெட்டுப்பட்ட நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பத்திரமாதானே வச்சிருந்தேன், மிஸ்ஸி?"

"பத்திரமாத்தான் வச்சிருந்தீங்க. தப்பு எங்களோடது. அது என்னன்னு உங்ககிட்ட நாங்க சொல்லல."

வார்டுக் கதவில் எச்சரிக்கை மாட்டித்தான் இருந்தது. அதில் ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. சீக்கிரம் வெளியே போங்கள் என்றால் போனாள். ஏன் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நீ அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய். இடுப்பில் தோல் சிவக்கலாம், குழந்தையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். அவள் பயந்தாள். பயப்படட்டும், தெரிந்து பயப்படட்டும் என்று திரும்பும் வழியில் என்னிடம் சொன்னாய்.

பெரிய டாக்டரிடம் பேசிய அந்த வாய்க்கு உனக்குக் கிடைத்த பரிசு, பதவி உயர்வு வேறொருவருக்குப் போனதுதான். உனக்குச் சுருக்கென்றிருக்கும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு, வீட்டாரை உட்காரவைத்து அவர்கள் பாஷையில் சொல்லி முடிக்காமல் உன் அறையிலிருந்து ஒரு ஊசி வெளியே போனதில்லை. டாக்டர்கள் கத்திப் பார்த்தார்கள், நீ அசையவில்லை. செல்விக்கு இடுப்பில் சிவந்த இடம் ஆறியது. வருஷா வருஷம் குழந்தையையும் அவளையும் நீயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள்.

இந்த வாரம் பழைய ரேடியம் ஊசிகளை எல்லாம் அனுப்பிவிட்டோம். யாருக்கும் இனி வேண்டாம் என்று ஈயத்தில் அடைத்து, பீப்பாயில் வைத்து சிமெண்ட் ஊற்றியாயிற்று. அதிலிருக்கும் ரேடியம் பாதியாகக் குறையவே ஆயிரத்தறுநூறு வருஷம் ஆகும் என்று நீதான் சொல்வாய். ஏற்றிப்போக வந்த ஆட்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், வீணாகப் பயப்படுவார்கள் என்றார் புது அதிகாரி. பல வருஷம் கழித்து வேறொரு வாயிலிருந்து அதே பேச்சு! எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் அன்றுபோல் தரையைப் பார்க்கவில்லையடி. சொல்லாமல் ஒரு பீப்பாயும் நகராது என்றேன். அவர் முகம் சிவந்துபோய் உள்ளே போய்விட்டார்.

லாரி ஆட்களை நிழலில் உட்காரவைத்துத் தமிழிலும், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயிலும் சொன்னேன். ஒருவரும் எழுந்து ஓடவில்லை. ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"அப்ப நாங்க எவ்வளவு தூரத்துல நிக்கணும், மிஸ்ஸி?"

அந்தக் கேள்வியைக் கேட்கத்தானே செல்விக்கு நாம் வழியே விடவில்லை. நான் பீப்பாயிலிருந்து விலகி நடந்து போய், அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்று காட்டினேன்.