மருத்துவச்சிக்கு வைத்த கத்தரிக்கோல்

உங்களுக்கு உங்கள் மனைவி ஏசம்மாள் எழுதுவது. சாத்தூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வண்டிக்காரர் நிற்க மாட்டார். சோறு உறியில் இருக்கிறது. மோருக்கு உப்புப் போடவில்லை.

"நர்சாகி அஞ்சு வருசமாச்சு, இன்னும் எம்புட்டுதான் படிப்ப?" என்று நேற்று கேட்டீர்கள். கோபத்தில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பிரசவத்தில் மருத்துவச்சி ரஹ்மத் பீவி நான் சொன்னபடியே கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டாள். பிறகு ஈரம் போக முந்தானையில் துடைத்துவிட்டுத் தொப்புள்கொடியை அறுத்தாள். முந்தானை அழுக்கு கொடியில் ஏறி, எட்டாம் நாள் பிள்ளை ஜன்னி கண்டு இறந்துவிட்டது. துடைக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. எனக்கு வேலை தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. அதைப் படிக்கத்தான் பட்டணம் போகிறேன். இரண்டு வருடம்.

சாயங்காலம் ரஹ்மத் பீவி வருவாள். அலமாரியில் உள்ள புதுக் கத்தரிக்கோலைக் கொடுங்கள்.

மறந்துவிட்டேன்: அவள் அதை வாங்க மாட்டாள். "இனிமே என்னைய யாரு கூப்பிடுவா?" என்று அழுவாள். அப்போது இந்தக் கடைசி வரியை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்: ஆண்டவர் எங்களுக்குப் பிள்ளை கொடுத்தால், அது உன் கையில்தான் பிறக்கும்.