பஞ்சுக் கிருமியும் பெண்ணாடத்துக்காரியும்

அடியே,

இன்று காலை பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் பஞ்சு அடைத்த துணிப் பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. பச்சை நிறம், உடம்பெல்லாம் முள், முழித்த கண்கள். ஏதோ காய்ச்சல் கிருமியாம், மருந்து கம்பெனிக்காரர் விளம்பரத்துக்குக் கொடுத்தாராம். கடைக்காரத் தம்பி தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த மெத்தென்ற ரோமம் விரலில் பட்டதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் அது அடங்கவில்லை.

செராமிக் பட்டறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வயசானவர்கள் நாம். பொம்மைக்கு நான் கண் எழுதுவேன், நீ உதடு எழுதுவாய். என்னைக் கேட்காமல் நீ ஒரு புடவைகூட எடுத்ததில்லை. அப்புறம் உனக்கு விடாமல் இருமல் வந்து, ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. உன்னோடு புழங்கியவர்கள் எல்லோரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. நர்ஸம்மா சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சப்பென்று போய்விட்டது. ஏனென்றால் அதற்குள் அந்தப் பெண்ணாடத்துக்காரி வந்து சேர்ந்திருந்தாள்.

அவளுக்கும் டி.பி.தான். மாத்திரை வாங்குகிற இடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவள் தம்பி மெட்ராஸில் மருந்து விற்கிற வேலையில் இருந்தான். டி.பி. கிருமி மாதிரியே தைத்த பஞ்சு பொம்மை ஒன்றை அக்காவுக்கு அனுப்பியிருந்தான். நீளமாக, ரோஸ் நிறத்தில், தூங்கி வழிகிற கண்ணோடு இருக்கும். அதை அவள் உனக்குத் தூக்கிக் கொடுத்தாள். நீங்கள் இரண்டு பேரும் அதற்கு ‘நம்ம வூட்டுக்காரரு’ என்று பெயர் வைத்தீர்கள். மாத்திரை போட்டால் ஒன்றுக்குச் சிவப்பாகப் போவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நடுவில் நான் நல்ல நெஞ்சை வைத்துக்கொண்டு திருதிருவென்று உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன், நேற்று வந்தவளிடம் அப்படி என்ன பேச்சு என்று. “உனக்குச் சொன்னா புரியாதுடி. சீக்கு வந்தவங்களுக்குத்தான் தெரியும்” என்றாய். என்னைப் பார்த்து நீ ‘உனக்குப் புரியாது’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பொம்மை சுட்டே பிழைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. கண்ணுக்கு அழகாக எதைப் பார்த்தாலும், எந்த இடத்தில் இரண்டாகப் பிரித்து அச்செடுக்கலாம் என்றுதான் மனசு கணக்குப் போடும். அவள் பஞ்சில் கொடுத்ததை நான் செராமிக்கில் சுட்டுத் தருகிறேன் என்றேன். உன் தலைமாட்டில் இருப்பது என் கைவேலையாக இருக்கட்டும் என்ற ஆசைதான். நீயே பொம்மையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாய். எல்லா மாதிரிக்கும் தடவுவது போல அதற்கும் அச்சில் ஒட்டாமலிருக்கச் சோப்புக் கரைசல் தடவி பிளாஸ்டரை ஊற்றினோம். ரோமம் வைத்த துணி பிளாஸ்டரில் ஒட்டிக்கொள்ளும் என்பது இத்தனை வருஷம் அச்சோடு கிடந்த நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இறுகினதும் அச்சைப் பிரித்தால் ரோமம் பூராவும் பிளாஸ்டரில். உன் வூட்டுக்காரர் மொட்டையாகக் கையில் வந்தார். நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். “இதுக்கு இப்பதான்டி சரியான வைத்தியம் நடந்திருக்குது” என்றாய். எனக்கும் உள்ளுக்குள் பரம திருப்தி. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவள் தம்பியிடம் சொல்லிப் புதுசாக ஒன்று வரவழைத்துக் கொடுத்துவிட்டாள்.

டி.பி. சுத்தமாகக் குணமாகி, பழையபடி உதடு எழுத வந்தாய். உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. காலையில் வலி என்றாய், மதியம் இல்லை. அன்றைக்குப் பெண்ணாடத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, உன்மேல் விழுந்து அவள் அழுத அழுகையில் ஊரே அவளைத் தேற்றியது. யாரோ என்னைப் பார்த்து, அந்தம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளம்பும்போது பொம்மையை உன் மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டும் போனாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இன்று மருந்துக்கடையிலிருந்து வந்த வேகத்தில் அவளுக்குப் போன் போட்டேன். சண்டை பிடிக்கத்தான். அவள் உன்னிடம் அப்படி என்னதான் பேசினாள் என்று நேராகவே கேட்டேன்.

“உங்களப் பத்திதான்க்கா. செத்தாலும் பரவால்ல, நான் இல்லன்னா எவளாவது வந்து அவகூட ஒக்காந்து சிரிப்பாளே, அதத்தான் தாங்க முடியலன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க. எனக்கே உங்க மேல எரிச்சலா வரும்.”

இதை ஏன்டி என்னிடம் சொல்லவில்லை? என்னைப் பற்றி நீ பேசியதெல்லாம் அவள் காதில் இருக்கிறது, என் காதில் ஒன்றும் இல்லை. அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமைப்படுகிறேன். இன்னும் நிறைய இருக்குதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள், போகிறேன். ஒரு சொல் விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

உனக்கும் எனக்கும் ஒரே வியாதிதான் இருந்திருக்கிறது. எனக்கு இது குணமாக வேண்டாம்.