மூன்றாவது சோத்து மூட்டை

இன்று காலை தாமுவே சந்தை முனையில் ஐஸ் வண்டியிலிருந்து ஒரு கட்டியை இறக்கினார்கள். ஈரச் சாக்கும் உமியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், கையில் கீரைக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். மீன்காரர் ரம்பத்தை வைத்து இழுக்க, கட்டிக்குள் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. கூடவே சின்னதாக ஒரு வெடிப்புச் சத்தம். உனக்குப் பிடித்த சத்தம். சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் திரும்பினேன்.

இப்படி ஒரு கட்டியைத்தான் நீ அன்று சைக்கா மிதிரிக்‌ஷாவில் ஏற்றி, மடியில் சாக்கை விரித்து அணைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாய். பாவாடையெல்லாம் ஈரம். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அதை வைத்து, மேலே கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றி, இருவரும் காதைக் கொண்டுபோய்க் கேட்டோம். உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடி கூத்து இது? சர்பத்துக்கா?"

"அண்டார்ட்டிகாம்மா."

"அதுக்கு எலுமிச்சங்கா வேணுமா வேணாமா?"

நாம் சிரித்த சிரிப்பில் ஐஸ் முனகியது எதுவும் காதில் விழவில்லை. பிறகு அம்மா அதை உடைத்து நிஜமாகவே சர்பத் போட்டார். தெருவில் பாதிப் பேர் அண்டார்ட்டிகாவைக் குடித்தார்கள்.

பனியைப் பார்த்திராத இருவர் துருவத்துக்கு இசை எழுதக் கிளம்பியதற்குக் காரணம் பன்சோடான் தெரு நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய துருவப் பயணப் புத்தகம். அட்டையும் முதல் பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார், எந்தப் பயணம் என்று நமக்குத் தெரியாது. நீ ஷ்வேப்யிதா தையல் ஆலைக்கு வேலைக்குப் போகிற பேருந்தில் அதைப் படிப்பாய். ஞாயிறன்று சபையில் ஆராதனை முடிந்ததும், பின் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கதை சொல்வாய். நாய்கள் இழுக்கும் வண்டி, கூடாரத் துணியில் உறைந்த மூச்சு, சாப்பாட்டைப் பற்றியே கனவு காணும் மனிதர்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று சபையில் நாம் நால்வர் வாசித்து வந்தோம். அந்த நால்வருக்கே எழுதலாம் என்றாய். போவதை நீ எழுதுவது, திரும்பி வருவதை நான் எழுதுவது என்று பெஞ்சிலேயே பங்கு பிரித்தாகிவிட்டது.

நீ எழுதிய பாதி வேகமாக வளர்ந்தது. நீளமான, வெறுமையான ஸ்வரங்கள். வில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். இடது கை விரலை அசைத்து ஸ்வரத்துக்கு மெருகேற்றுவதை நீ அடியோடு தடை செய்தாய். செல்லோ வாசிக்கும் ஊ டின்னுக்கு அது பெரிய கஷ்டம். பர்மியரானாலும் அவருடைய அம்மா தமிழர் என்பதால் நம்மோடு தமிழிலேயே சண்டை போடுவார்.

"கை தானா ஆடுது பொண்ணு. நாப்பது வருஷப் பழக்கம்."

"குளிர்ல நடுங்குங்க அங்கிள், தப்பில்ல. வாசிக்கும்போது நடுங்காதீங்க."

அந்த வெறுமைக்கு நடுவே திடீரென்று இரண்டு வரிக்கு ஏதாவது ஒரு வீட்டு மெட்டு வரும். உன் பேருந்தில் நடத்துநர் நிறுத்தங்களைக் கூவும் ராகம் ஓர் இடத்தில். உன் அம்மா மீன் கழுவும்போது முனகுவது இன்னோர் இடத்தில். மூன்றாவது, கடைசியாக எழுதினாலும் கிளம்பியதுமே வருவது; உன் வயோலா மட்டும் தனியாக வாசிப்பது. வந்த மாதிரியே காரணமில்லாமல் போய்விடும். இது எதற்கு இங்கே என்று கேட்டேன். புத்தகத்தை விரித்துக் காட்டினாய். போகும்போதே வழியில் உணவைப் பனிக்குள் புதைத்து, மேலே கறுப்புக் கொடி நட்டு வைக்கிறார்கள். திரும்பும்போது அதைத் தோண்டி எடுத்துச் சாப்பிட்டால்தான் உயிரோடு வீடு வர முடியும்.

"இதெல்லாம் உனக்குத்தான்டி. சோத்து மூட்டை. நீ வரும்போது பசிக்கும்ல."

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் உன் பாதியை மட்டும் வாசிப்பது என்று முடிவானது. இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டிய ஊரடங்குக் காலம். நமக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. எதை வெட்டலாம் என்று பார்த்தபோது, மூன்றாவது மூட்டை சும்மாதான் நிற்கிறது என்றார் ஊ டின். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீ ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, தூளை ஊதினாய்.

"போவட்டும். வழியில ஒண்ணு குறைஞ்சா செத்தா போயிடுவோம்?"

அந்த இடத்தில் முன்னும் பின்னும் சேர்கிற மாதிரி வேறு ஸ்வரங்களை அழுத்தி எழுதினாய். அன்று நான் சிரித்தேன்.

திரும்பி வரும் பாதியை நான் உடனே தொடங்கவில்லை. பயணத்தில் கடினமானது திரும்புவதுதான் என்று பட்டது. அதைப் பற்றி இன்னும் படிக்க வேண்டியிருந்தது. கிடைத்ததையெல்லாம் படித்தேன். பனிக் குருட்டைப் பற்றி, பசியைப் பற்றி, கடைசிக் கூடாரங்களைப் பற்றி. ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்பாய். கேட்கிற விதமும் உன்னுடையது.

"நீ படிச்சுக்கிட்டே இரு. என்னைக் கொண்டுபோய்த் துருவத்துல நிக்க வச்சிட்ட. கால் மரத்துப்போச்சு."

"அடுத்த மாசம் கூட்டிட்டு வந்துடுறேன்."

"வரும்போது மோகிங்கா வாங்கிட்டு வா, மீன் கொழம்பு நிறைய ஊத்தி. சூடா."

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நம் பபேடான் பகுதியில் பாதித் தெருவுக்குக் காய்ச்சல், உனக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தோம். நான் பார்க்க வந்த அன்று கண்ணைத் திறக்காமலே, "எந்த இடம் வரைக்கும் வந்திருக்கோம்?" என்று கேட்டாய். கொஞ்ச தூரம்தான் என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. நான்கு பேரும் சேர்ந்து பிடிக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் அப்போது என்னிடம் இருந்தது. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

நீ போன பிறகு எழுதினேன். எழுத முடிந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருக்கிறது. அத்தனை மாதம் வராதது, சில வாரங்களில் வந்தது. வழியில் நீ வைத்ததையெல்லாம் தேடிக்கொண்டே வந்தேன். அம்மாவின் முனகல் இருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்ததும் நடத்துநரின் கூவல் இருந்தது. மூன்றாவதின் இடத்துக்கு வந்தபோது கையில் எதுவும் இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ அழுத்தி எழுதிய புதிய ஸ்வரங்கள்தான் தெரிந்தன. மேலே ஏறிப் பாதியில் நின்றுவிடும் என்பது மட்டும் நினைவிருக்கிறது. எங்கிருந்து ஏறியது, எதில் நின்றது, தெரியவில்லை. அது எந்த மெட்டு என்றுகூட நான் உன்னைக் கேட்டதில்லை.

ஒத்திகையில் ஊ டின் அந்த வெற்றிடத்தில் வில்லை வைத்துக் கேட்டார்.

"இங்க என்ன வருது?"

"அவ வச்சது. காணோம் அங்கிள்."

"நீயே ஒண்ணு எழுதிப் போடு. யா தே, பரவால்ல, யாருக்குத் தெரியப் போவுது?"

எழுதிப் பார்த்தேன். எல்லாம் நான் படித்த புத்தகங்களைப் போலவே இருந்தன. கடைசியில் எதையும் போடவில்லை. செல்லோ மட்டும் நடக்கிற மாதிரி தந்தியைச் சுண்டிக்கொண்டே போகும், மற்ற மூவரும் சும்மா இருப்போம். அந்தத் தூரத்தைச் சாப்பிடாமலே கடப்பது என்று முடிவு செய்தேன்.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு பிற்பகலில் சபை மண்டபத்தில் முழுவதையும் வாசித்தோம். உன் வயோலாவை நான் வைத்துக்கொண்டேன். என் வயலினுக்கு வேறொரு பெண் வந்தாள். மின்சாரம் இல்லை, மின்விசிறி இல்லை. வியர்வையில் மோவாய் வழுக்க, துருவத்திலிருந்து கிளம்பினோம். அம்மா முன் வரிசையில் இருந்தார். தன் முனகல் வந்ததும் பக்கத்தில் இருந்தவரை இடித்து, "இது நான்தான்" என்றார். அது எனக்குக் கேட்டது. மூன்றாவது இடம் வந்தது. ஊ டின் கை நடுங்காமல் நடந்தார். நான் வில்லைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெளியே பிள்ளைகள் "மீ லா பீ!", கரண்ட் வந்துவிட்டது என்று கத்தினார்கள், மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின, கடைசி ஸ்வரத்தில் நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம்.

எல்லாரும் கலைந்த பின் அம்மா என்னிடம் வந்தார்.

"எல்லாம் வந்துச்சு. அவ துணி காயப்போடும்போது ஒண்ணு பாடுவாளே, அத ஏம்மா விட்டுட்டீங்க?"

"எப்படிம்மா போகும் அது?"

அம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி தொடங்கி, இரண்டு ஸ்வரத்தில் நிறுத்தி, தலையை ஆட்டினார். "இல்ல, இது இல்ல." நான் வயோலாவை எடுத்து, ஏறுகிற மாதிரி ஒன்றை வாசித்தேன். "அதுவும் இல்லம்மா."

அதன் பிறகு ஞாயிறுகளில் உன் வீட்டுக்குப் போகிறேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருப்பார். நான் ஒன்றை வாசிப்பேன். அவர் நிமிராமலே "இல்ல" என்பார். சில நாள் அவர் ஒன்றை முனகுவார், நான் "இல்லம்மா" என்பேன். ஒருமுறைகூட எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததில்லை. எது அது இல்லை என்பது எங்கள் இருவருக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது. உன் மெட்டில் என்னிடம் மிச்சமிருப்பது அந்த நிச்சயம் மட்டும்தான். இன்று சந்தையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் வாய்க்குள் ஒன்றை முனகிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தினேன். அது இல்லை.