மூன்றாம் பக்கத்து ஆறு வரி

நாயுடுபுரம்,
4-6-61

மாப்பிள்ளை வேலுமணிக்கு,

உன் அக்கா வடிவும் நானும் சுகம். மெட்ராசில் பத்திரிகைப் படிப்பெல்லாம் படிச்சு வேலையும் வாங்கிப்போட்டு, கொடைக்கானல் மலையில என்ன சேதின்னு மூணாங்கிளாஸ்காரன் என்கிட்டயா கேக்குற? வெக்கமா இல்லையாலே?

இந்தா சேதி. கிழங்கு மண்டி சேனாதிபதி நேத்து ஏரியில் போய்ச் சேர்ந்துட்டார். படகுல எந்திரிச்சு நின்னு பொண்டாட்டியை வைதாராம்; படகுக்கே பொறுக்கல. பெரிய எழுத்துல போடு.

உன் அக்காவைக் கட்டிச் சீரழியும்,
பொன்னுச்சாமி

சென்னை,
8-6-61

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இரண்டு மாதமாகப் பிறர் எழுதியதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். நேற்று என் செய்தி வந்துவிட்டது! மூன்றாம் பக்கம், ஆறு வரி: ‘கோடை ஏரியில் படகு கவிழ்ந்து வியாபாரி சேனாதிபதி மரணம்’. ஆசிரியர் முதல் தடவையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வேலையை நிரந்தரம் செய்வார்கள் போலிருக்கிறது. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
வேலுமணி

நாயுடுபுரம்,
11-6-61

மாப்பிள்ளை,

சேனாதிபதி உசிரோட இருக்கார். முழங்கால் தண்ணியில் விழுந்து எந்திரிச்ச மனுசனை நான் வெளையாட்டுக்குக் கொன்னு எழுதினேன்.

பேப்பரைப் பார்த்துட்டுப் பாச்சலூரிலிருந்து அவர் தங்கச்சி வீட்டார் கோடித்துணி எடுத்துக்கிட்டு, மாரடிச்சுக்கிட்டே வந்துட்டாங்க. அவர் வாசலில் உக்காந்து சவரம் பண்ணிக்கிட்டிருந்தார். தங்கச்சி அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துட்டு அப்படியே மயங்கிச் சாஞ்சிருச்சு.

நான்தான்னு போய்ச் சொன்னேன். அடிக்கல. “ஏம்ப்பா பொன்னுச்சாமி, எனக்குன்னு எடுத்த கோடிய நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு”ன்னார். பஜாரில் ஒரு ஆள் சிரிக்கல மாப்பிள்ளை. உன் அக்கா என் முகத்தையே பாக்கல.

இந்தக் காயிதத்தை வெரசா உங்க ஆசிரியர்ட்ட காட்டு. பொய் சொன்னவன் நான். உன் சோலி போயிரக்கூடாது.

பொன்னுச்சாமி

சென்னை,
16-6-61

அன்புள்ள அத்தான்,

உங்கள் காகிதத்தை நான் காட்டவில்லை.

பன்னிரண்டு வருஷமாக உங்களைத் தெரியும் எனக்கு. ‘அத்தான் விளையாடுகிறாரோ’ என்று எழுதும்போதே தோன்றியது. மேஜைமேல் டெலிபோன் இருந்தது. கொடைக்கானலில் யாரையாவது கேட்டிருக்கலாம். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அந்த ஆறு வரி போய்விடுமே என்றுதான் கேட்கவில்லை.

இதை அப்படியே ஆசிரியரிடம் சொன்னேன். திருத்தத்தை என்னையே எழுதச் சொன்னார். நான் எழுதி அச்சான இரண்டாவது செய்தி அது. வாங்கிப் படித்துவிட்டு, “நாளையிலிருந்து வர வேண்டாம் தம்பி” என்றார்.

புதன்கிழமை வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சேனாதிபதி வீட்டுக்குத்தான். எனக்காக நீங்கள் முன்னால் போய் எதுவும் பேசிவைக்காதீர்கள்.

வேலுமணி